கௌபாய் படத்தில் பெண்ணுக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "பழைய கௌபாய் படங்களில் பெண்கள் அழுவதற்கும் கடத்தப்படுவதற்கும் மட்டும்தான் இருந்தார்கள். இப்போது அவர்களே துப்பாக்கி எடுத்துச் சுடுகிறார்கள். இந்த மாற்றம் எப்போது, எதனால் வந்தது? எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?"

கேள்வியில் பாதிதான் சரி. பெண்கள் துப்பாக்கி எடுப்பது இப்போது வந்த சங்கதி இல்லை. 1954-லேயே ஒரு படத்தின் கடைசிச் சண்டை இரண்டு பெண்களுக்கு நடுவில்தான் நடந்தது. அதற்குப் பிறகு 1960-களில் வந்த பல படங்களில் பெண் இருந்த இடமே தெரியவில்லை. ஆகவே 'அன்று பொம்மை, இன்று வீராங்கனை' என்று நேர்கோடு போட்டால் தப்பாகிவிடும். மாற்றம் உண்டு. அது வேறு இடத்தில் நடந்தது.

எங்கே என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அதை ஒரு வெஸ்டர்ன் (கௌபாய் பட) இயக்குநரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பட் பெட்டிக்கர் 1950-களில் நடிகர் ராண்டால்ஃப் ஸ்காட்டை வைத்துச் சிக்கனமான, கச்சிதமான கௌபாய் படங்கள் எடுத்தவர். கதாநாயகி நாயகனிடம் எதைக் கிளப்பிவிடுகிறாள் என்பதுதான் முக்கியம், காதலோ பயமோ எதுவாக இருந்தாலும் சரி, அவனைச் செயல்பட வைப்பது அவள்தான், மற்றபடி அந்தப் பெண்ணுக்கு என்று தனியாக எந்த முக்கியத்துவமும் கிடையாது என்று அவர் சொன்னார். திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை மேற்கோள் காட்டியதால், பெட்டிக்கரின் படங்களைவிட இந்த வாக்கியம் அதிகம் பேருக்குத் தெரியும். மனுஷன் பூசி மெழுகாமல் சொன்னார், அந்த அளவில் நன்றிதான். ஒவ்வொரு படத்திலும் இந்த வாக்கியம் செல்லுபடியாகிறதா என்று பார்த்தாலே போதும். அவள் கையில் துப்பாக்கி இருக்கிறதா என்பது அப்புறம்.

முதலில் நிஜ வரலாற்றை ஓர் எட்டு பார்த்துவிடலாம். அமெரிக்க மேற்கில் பெண்கள் சும்மா வாசலில் நின்று கை அசைத்துக்கொண்டிருக்கவில்லை. 1862-ஆம் ஆண்டு நிலச் சட்டம் 21 வயது நிரம்பிய, திருமணமாகாத பெண்ணும் விதவையும் 160 ஏக்கருக்குத் தன் பேரிலேயே விண்ணப்பிக்க இடம் கொடுத்தது. வயோமிங் பிரதேசம் 1869-லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. நாடு முழுவதற்கும் அது கிடைக்க 1920 ஆனது. குறிபார்த்துச் சுடுவதில் உலகப் புகழ் பெற்ற ஆனி ஓக்லியை 1894-இல் எடிசனின் ஆட்கள் படம் பிடித்தார்கள். கதை சொல்லும் கௌபாய் படங்கள் பிறப்பதற்கு முன்பே, மேற்கத்திய வித்தை காட்டும் துப்பாக்கிக்காரப் பெண் ஒருத்தி திரையில் வந்துவிட்டாள்.

அதே ஆனி ஓக்லிக்கு 1950-இல் வந்த இசைப்படத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 'ஆனி கெட் யுவர் கன்' படத்தில் அவள் காதலனோடு துப்பாக்கிப் போட்டியில் இறங்குகிறாள். ஜெயித்தால் அவன் கிடைக்கமாட்டான், தோற்றால் கிடைப்பான் என்று பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் அவளுக்குப் புரியவைக்கிறார். அவளும் வேண்டுமென்றே குறி தவறுகிறாள், கல்யாணம் கூடிவருகிறது, சுபம். நிஜத்தில் நடந்தது தலைகீழ். அந்தக் காதலன், ஃபிராங்க் பட்லர், அவளிடம் போட்டியில் தோற்றார், பிறகு அவளையே மணந்தார், கடைசியில் தன் சுடும் வித்தையை ஓரம் கட்டிவிட்டு அவளுக்கு மேலாளராக இருந்தார். பெருமையாகவே இருந்தார். 19-ஆம் நூற்றாண்டுக் கணவனால் தாங்க முடிந்ததை 1950-இன் திரைக்கதையால் தாங்க முடியவில்லை.

இதற்குப் பின்னால் இருந்த சட்டகம் இரண்டு. ஒன்று, ஓவன் விஸ்டர் 1902-இல் எழுதிய 'தி வர்ஜீனியன்' நாவல் நிலைநிறுத்திய அச்சு. கிழக்கிலிருந்து படித்த ஆசிரியை வருவாள், முரட்டு நாயகனை நாகரிகப்படுத்துவாள், சண்டைக்குப் போகாதே என்பாள், அவன் போய் ஜெயித்துவிட்டு வருவான், அவள் மன்னித்துவிடுவாள். இரண்டாவது, 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள். பாலியல் தொழில் செய்யும் பெண் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் எல்லோரும் 'சலூனில் ஆடும் பெண்கள்' ஆனார்கள் (சலூன் என்றால் அங்கே மதுக்கடை). பளபளக்கும் உடை, ஒரு பாட்டு, தங்கமான மனசு, கடைசி ரீலில் நாயகனுக்காக ஒரு தோட்டா. 1939-இல் 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' படத்தில் மார்லீன் டீட்ரிஷ் அப்படித்தான் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு வந்த குண்டைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறார். ஆசிரியைக்குக் கல்யாணம், ஆட்டக்காரிக்குச் சாவு. 1946-இல் வந்த 'மை டார்லிங் கிளமென்டைன்' படத்தில் இந்த இரண்டு பெண்களையும் ஒரே கதையில் வைத்து, ஏறக்குறைய அதே கணக்கில் தீர்த்துவைத்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்துப் படங்களை மொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. நல்ல இயக்குநர் கையில் அந்தச் சட்டகமே வேறு மாதிரி வேலை செய்தது. ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) அதற்குச் சாட்சி. ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் கூடி, டாலஸ் என்ற பெண்ணை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். ஏன் என்று படம் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாது, நமக்கே புரிந்துவிடும். வண்டி முதல் நிறுத்தத்தில் நிற்கிறது. சாப்பாட்டு மேசை. ஜான் வெய்ன் டாலஸுக்கு மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைக்கிறான். எதிரே ராணுவ அதிகாரியின் மனைவி லூசி. அவள் ஒன்றும் பேசவில்லை, பார்க்கிறாள், அவ்வளவுதான். உடனே இன்னொரு கனவான், ஜன்னல் பக்கம் காற்றாக இருக்கும் என்று சொல்லி அவளை மேசையின் மறு கோடிக்கு எழுப்பிக்கொண்டு போகிறான். பந்தியிலிருந்து எழுந்து போவது என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெய்ன் பாவம், தான் சிறையிலிருந்து தப்பி வந்தவன் என்பதால்தான் அவர்கள் எழுந்து போனார்கள் என்று நினைத்துக்கொள்கிறான். டாலஸுக்கு உண்மை தெரியும்.

பிறகு வழியில் லூசிக்குப் பிரசவம் ஆகிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து குழந்தையைக் கையில் ஏந்தி வெளியே வருவது டாலஸ்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் லூசி நன்றி சொல்ல வாயெடுக்கிறாள், 'எப்போதாவது உனக்கு நான் ஏதாவது...' என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிற்கிறாள். முடிக்க முடியாது, அந்த ஊரில் இருவரும் ஒரே தெருவில் நின்று பேசக்கூட முடியாது. டாலஸ் 'தெரியும்' என்று மட்டும் சொல்கிறாள். 1939-இல் எடுத்த படம். விளம்பரப் பெயர் வரிசையில் ஜான் வெய்னுக்கு மேலே கிளேர் டிரெவர் பெயர் இருந்தது என்பதும் இன்று பலருக்கு நினைவில்லை.

ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) இதைவிடச் சிக்கலானது. அதில் ஒரே ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். சகோதரனின் மனைவி மார்த்தா, நாயகன் ஈதனின் கோட்டை எடுத்துவருகிறாள். கொடுப்பதற்கு முன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதை ஒரு முறை தடவிக்கொடுக்கிறாள். முன்னால் நின்று காபி குடித்துக்கொண்டிருக்கும் பாதிரி-கேப்டன் அதைப் பார்த்துவிடுகிறார். சட்டென்று பார்வையை நேராக வைத்துக்கொண்டு காபியை விழுங்குகிறார். படம் முழுக்க யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. பிறகு மார்த்தா கொல்லப்படுகிறாள், அவள் மகள் டெபியைக் கொமாஞ்சி இனத்தவர் தூக்கிப் போகிறார்கள், ஈதன் பல வருடம் தேடுகிறான். தேடுவது மீட்பதற்காக மட்டும் இல்லை, 'கெட்டுப்போனவளை'க் கொல்வதற்காகவும்தான். மார்த்தாவின் கை கோட்டில் பட்ட அந்த இரண்டு நொடியில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. ஆனால் படம் அவளுடையது இல்லை. பெட்டிக்கரின் வாக்கியம் இங்கே அப்படியே பொருந்தும், அதுவும் வலிக்கும்படி பொருந்தும்.

'ஹை நூன்' (1952) படத்தை எல்லோரும் கேரி கூப்பருக்காகப் பார்ப்பார்கள். நான் கேட்டி ஹுராடோவுக்காகப் பார்க்கச் சொல்வேன். அந்தப் படத்தில் இரண்டு பெண்கள். ஏமி, புது மனைவி, கிரேஸ் கெல்லி. வன்முறையை ஏற்காத குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவள். (படப்பிடிப்பின்போது கெல்லிக்கு 21, கூப்பருக்கு 50. இந்த மாதிரி ஜோடி எங்கள் தொழிலின் சொத்து என்று கோடம்பாக்கம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.) அவளுடைய அகிம்சையை வெறும் பெண்புத்தி என்று படம் ஒதுக்கவில்லை. அப்பாவும் அண்ணனும் துப்பாக்கிக்குப் பலியானவர்கள், அவர்கள் நியாயத்தின் பக்கம் நின்றும் பிரயோசனம் இல்லை என்று அவள் சொல்லும்போது வாதம் கனமாகவே இருக்கிறது. இன்னொருத்தி ஹுராடோ நடித்த ஹெலன் ராமிரெஸ். மெக்சிகோக்காரி, கடை வைத்துத் தொழில் நடத்துபவள், ஊரில் நிலவரம் என்ன என்று மற்ற எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டு, கடைப் பங்கை விற்றுப் பணத்தை எண்ணிப் பெட்டி கட்டுபவள். என் ஆளாக இருந்தால் விட்டுப் போக மாட்டேன், துப்பாக்கி எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பேன் என்று ஏமியிடம் சொல்கிறாள். அப்படியானால் ஏன் நீ நிற்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறாள்: அவன் என் ஆள் இல்லையே. ஹுராடோவுக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது, அந்த விருதைப் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க நடிகை அவர். கடைசியில் ஏமிதான் வில்லன் ஆட்களில் ஒருவனை முதுகில் சுடுகிறாள். அவள் கொள்கை கணவனுக்காகக் கரைந்துபோகிறது. துப்பாக்கி எடுத்த ஏமியைவிட, எடுக்காமல் ரயிலேறிய ஹெலன்தான் தனக்கென்று ஒரு கணக்கோடு இருந்தவள்.

நான் முதலில் சொன்ன 1954 படம் 'ஜானி கிட்டார்'. பெயர்தான் ஆணுடையது. ஜோன் கிராஃபோர்ட் நடித்த வியன்னா, ரயில் பாதை வரப்போகும் இடமாகப் பார்த்து ஊருக்கு வெளியே சலூன் கட்டி வைத்திருக்கிறாள். ரயில் வந்தால் குடியேறிகள் வருவார்கள், நிலம் போகும் என்று பயப்படும் பண்ணைக்காரர்களுக்குத் தலைமை தாங்குவது எம்மா, இன்னொரு பெண். கூட வரும் ஆண்கள் தலையாட்டுகிறார்கள், தயங்குகிறார்கள், பழி வரும்போது தரையைப் பார்க்கிறார்கள். இறுதிச் சடங்குக்குப் போட்ட கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் ஒரு கும்பல் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போது, வியன்னா வெள்ளை கவுனில் தனியாக உட்கார்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், அந்தப் படம் எதையும் அடக்கி வாசிக்காது. ஆனால் வியன்னா ஒன்று சொல்வாள்: ஆண் பொய் சொல்லலாம், திருடலாம், கொலைகூடச் செய்யலாம், மானம் மிச்சமிருந்தால் அவன் ஆண்தான், பெண் ஒரே ஒரு முறை சறுக்கினால் போதும், பட்டம் கட்டிவிடுவார்கள். தணிக்கை இருந்த காலத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள்.

அதே பத்தாண்டு பார்பரா ஸ்டான்விக்கின் காலமும்கூட. 'ஃபார்ட்டி கன்ஸ்' (1957) படத்தில் வெள்ளைக் குதிரையில் அவர் முன்னால் போக, நாற்பது ஆண்கள் இரண்டிரண்டு பேராகப் பின்னால் வருவார்கள். குதிரை தரையில் இழுத்துக்கொண்டு போகும் காட்சியில், 49 வயதில், டூப் போடாமல் அவரே நடித்தார். சரி, முடிவு? அதிகாரம், நிலம் எல்லாம் போன பிறகு நாயகனின் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள். இந்தப் படங்கள் பலவற்றின் கதி இதுதான். எண்பது நிமிடம் ராணி, கடைசி ஐந்து நிமிடம் மனைவி.

1960-களில் வண்டி இத்தாலிப் பக்கம் திரும்பியது. செர்ஜியோ லியோனேயின் 'தி குட், த பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவர் 1968-இல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' எடுத்தபோது கிளாடியா கார்டினாலே நடித்த ஜில்லைக் கதையின் நடுவில் வைத்தார். ஜில் ரயிலிலிருந்து இறங்குகிறாள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷனுக்குள் போய் விசாரிப்பதைக் கேமரா வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறது, பிறகு அப்படியே கூரைக்கு மேலே எழுந்து, கட்டிக்கொண்டிருக்கும் ஊர் முழுவதையும் காட்டுகிறது. மோரிகோனேயின் இசையும் கூடவே ஏறும். கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் செத்துப்போகிறார்கள் அல்லது கிளம்பிப்போகிறார்கள். நிலமும் தண்ணீரும் அவளிடம் இருக்கின்றன, ரயில் தொழிலாளர்களுக்கு அவள் தண்ணீர் எடுத்துப் போகிறாள். ஆனால் அதற்குச் சற்று முன்னால், 'யாராவது பின்னால் தட்டினால் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்துவிடு, பாவம் உழைத்துக் களைத்தவர்கள்' என்று ஒருவன் அவளுக்குப் புத்தி சொல்கிறான். படம் அதை அன்பான அறிவுரையாகத்தான் நினைக்கிறது. இத்தனை அழகான படத்தில் அது ஒரு முள்.

தணிக்கை விதிகள் 1968-இல் போய்ச் சேர்ந்தன. உடனே பெண்களுக்கு விடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இனி எதையும் காட்டலாம் என்றானதும் முதலில் காட்டியது வல்லுறவைத்தான். 'ஹானி கால்டர்' (1971) படத்தில் ராக்கெல் வெல்ச் பழிவாங்கப் புறப்படுகிறார். போர்த்தியிருக்கும் போர்வைக்குள் வேறு உடை இல்லை என்பது போஸ்டருக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கி அவள் கையில், பார்வை வேறு யாருடையதோ.

அதே 1971-இல் ராபர்ட் ஆல்ட்மனின் 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' வந்தது. ஜூலி கிறிஸ்டி உள்ளே வந்து உட்கார்ந்ததும் பொரித்த முட்டை நான்கு, ஸ்டூ, கடுந்தேநீர் கேட்கிறார். பசித்த மனுஷி எப்படிச் சாப்பிடுவாளோ அப்படிச் சாப்பிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டே, பாலியல் தொழில் விடுதி நடத்துவது என்றால் என்ன என்று மெக்கேப்புக்குப் பாடம் எடுக்கிறார்: பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் என்ன செய்வாய், வருகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று யார் பார்ப்பது, கணக்கு யார் எழுதுவது. மெக்கேப்புக்குக் கூட்டல் கழித்தலே தகராறு. முப்பது வருடமாகத் தங்க மனசு ஆட்டக்காரியாக வந்துபோன பாத்திரம், இங்கேதான் முதல் முறையாகத் தொழில் தெரிந்த பெண்ணாக வாயைத் திறந்தது என்று நான் சொல்வேன். தோட்டா வாங்கிச் சாகவும் இல்லை.

நிஜப் பெண்களுக்கு நடந்த அநியாயத்துக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் மேலே போக முடியாது. எல்லா (Ella) வாட்சன் என்பவர் வயோமிங்கில் தன் பேரில் நிலத்துக்கு விண்ணப்பித்து, சிறு மந்தை ஒன்று வைத்திருந்தவர். 1889 ஜூலை 20 அன்று பெரிய பண்ணைக்காரர்கள் அவரையும் ஜிம் ஆவரெலையும் தூக்கிலிட்டுக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அவர் விபசாரி, மாடு திருடி என்று பண்ணைக்காரர்களுக்கு வேண்டிய செய்தித்தாள்கள் எழுதின, 'கேட்டில் கேட்' என்று பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார்கள். 1980-இல் மைக்கேல் சிமினோ 'ஹெவன்ஸ் கேட்' எடுத்தபோது எல்லா வாட்சன் என்ற பெயரையே வைத்தார், இசபெல் ஹுப்பெர் நடித்தார். என்னவாக? விபசார விடுதி நடத்தும் பெண்ணாக. பணக்காரப் பண்ணைக்காரர்களைக் கண்டித்து எடுத்த படம், அவர்கள் கட்டிவிட்ட கதையையே அவள் மேல் போர்த்தியது.

அந்தப் படத்தின் தோல்வி யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தையே விற்கும் நிலைக்குக் கொண்டுபோனது. வெஸ்டர்ன் என்றாலே பெரிய பணம் விலகி நின்றது. எனக்கு என்னவோ, பெண்கள் உள்ளே வர வழி கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கூட்டம் கலைந்த திருவிழாத் திடலில்தான் ஓரத்தில் நின்றவர்களுக்குக் கடை போட இடம் கிடைக்கும். கூடவே, 1970-களிலிருந்து மேற்கு நோக்கிப் போன பெண்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஆய்வுக்கு வந்தன. வண்டியில் போனவர்கள் என்ன சமைத்தார்கள், எங்கே குழந்தையைப் புதைத்தார்கள், யாரோடு பேசப் பயந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் கையெழுத்திலேயே கிடைத்தது.

'அன்ஃபர்கிவன்' (1992) நான்கு ஆஸ்கர் வாங்கிய படம், கிளின்ட் ஈஸ்ட்வுட் படம் என்றுதான் பேச்சு. கதையைத் தொடங்கிவைப்பது சலூன் பெண்கள். டெலைலா என்ற பெண்ணின் முகத்தை ஒரு மாட்டுக்காரன் கத்தியால் கீறுகிறான். ஷெரிஃப் கொடுக்கும் தீர்ப்பு: குதிரைகள் அபராதம். குதிரைகள் டெலைலாவுக்கு இல்லை, அவளை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிக்கு, சரக்கு சேதமாகிவிட்டதே என்று. பெண்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி, கீறியவனையும் கூட இருந்தவனையும் கொல்ல மொத்தம் 1,000 டாலர் விலை வைக்கிறார்கள். பிறகு வரும் காட்சிதான் எனக்கு முக்கியம். கூட இருந்த இளைஞன் குற்ற உணர்ச்சியில் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல குதிரையை டெலைலாவுக்கென்று கொண்டுவருகிறான். மற்ற பெண்கள் அவன்மேல் சேற்றை வாரி அடித்துத் துரத்துகிறார்கள். டெலைலா ஒன்றும் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டிருப்பாளா? அவளை யாரும் கேட்கவில்லை, அவளுக்காகக் கோபப்படுகிறவர்களும் கேட்கவில்லை. படத்துக்கு இது தெரியும், அதனால்தான் கேமரா அவள் முகத்தில் நிற்கிறது. இன்னொரு பக்கம், நாயகனின் நண்பன் நெட்டின் பூர்வகுடி மனைவி சாலி, அவர்கள் கிளம்பிப் போவதை வெறித்துப் பார்க்கிறாள். அவளுக்கு வசனமே இல்லை.

1993-95-இல் ஒரு சின்ன அலை அடித்தது. 'பேட் கேர்ள்ஸ்' படத்தைத் தொடங்கியது ஒரு பெண் இயக்குநர், நடுவில் மாற்றிவிட்டார்கள், வந்த படம் வெறும் உடை அலங்காரம். ஷாரன் ஸ்டோன் தயாரிப்பிலும் பங்கேற்ற 'தி குவிக் அண்ட் த டெட்' ஜாலியான படம், அதற்கு மேல் இல்லை. மூன்றில் கவனிக்க வேண்டியது மேகி கிரீன்வால்ட் இயக்கிய 'தி பாலட் ஆஃப் லிட்டில் ஜோ' (1993). ஆணாக உடுத்தி ஆணாகவே வாழ்ந்து, இறந்தபிறகே பெண் என்று ஊருக்குத் தெரிந்த ஜோ மோனகன் என்பவரின் வாழ்க்கையை ஒட்டியது. கன்னத்தைத் தானே கீறிக்கொண்டு ஆண் உலகத்துக்குள் போகிறாள். போனபிறகு, பெண்கள் இல்லாத இடத்தில் ஆண்கள் பெண்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

'ட்ரூ கிரிட்' இரண்டு முறை எடுக்கப்பட்டது, ஒப்பிட வசதி. சார்ல்ஸ் போர்ட்டிஸின் நாவலைச் சொல்வது 14 வயதில் அப்பாவைக் கொன்றவனைத் தேடிப்போன மாட்டி, வயதான பிறகு, தன் வறண்ட குரலில். 1969 படம் ஜான் வெய்னின் படமாகிவிட்டது, அவருக்கு ஒரே ஆஸ்கரும் கிடைத்தது. 2010-இல் கோயன் சகோதரர்கள் குரலை மாட்டிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கை இழந்த, கல்யாணம் செய்துகொள்ளாத, யாரிடமும் நல்ல பெயர் வாங்க ஆசைப்படாத ஒரு பெண்ணாக அவள் முடிவில் நிற்கிறாள். குதிரை வியாபாரியோடு அவள் பேரம் பேசும் காட்சியை எந்தத் துப்பாக்கிச் சண்டைக்கும் மேலே வைப்பேன். ஆனாலும் படம் முழுக்க வரும் ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டை ஆஸ்கரில் துணை நடிகை பிரிவில்தான் பரிந்துரைத்தார்கள்.

இப்போது கெல்லி ரைக்கார்ட். அதே 2010-இல் வந்த 'மீக்ஸ் கட்ஆஃப்'. 1845, ஓரிகன் பாதை, வழி தவறிய மூன்று குடும்பங்கள், பீற்றிக்கொள்ளும் ஒரு வழிகாட்டி. அகன்ற திரைக்குப் பேர்போன வெஸ்டர்னை ரைக்கார்ட் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுத்தார். அந்தக் காலப் பெண்கள் அணிந்த பானெட் தொப்பி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல. அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் நமக்கும் நிலம் தெரியும். ஆண்கள் தள்ளி நின்று எந்தப் பக்கம் போவது என்று பேசுகிறார்கள். கேமரா பெண்களோடு நிற்கிறது, ஆகவே நமக்கும் அரைகுறையாகத்தான் காதில் விழுகிறது. அங்கே தீர்மானிக்கப்படுவது இவர்கள் உயிர்.

மிஷெல் வில்லியம்ஸ் நடித்த எமிலி ஓர் இடத்தில் ஆபத்து அறிவிக்க வானத்தை நோக்கிச் சுடுகிறாள். ஒரு குண்டு சுட்டதும், மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, மறுபடி சுடுவதை வெட்டாமல் காட்டுகிறார்கள். நூறு வருடமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பாக்கி உருவிய படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய நிமிடம். அவர்கள் பிடித்து வைத்திருக்கும் பூர்வகுடி மனிதனின் கிழிந்த காலணியை அவள் தைத்துக் கொடுக்கிறாள். கருணையா என்றால், அவன் எனக்குக் கடன்பட வேண்டும் என்கிறாள். இப்படி யோசிக்கும் பெண்ணைப் பெட்டிக்கரின் வாக்கியத்துக்குள் அடைக்க முடியாது. அவள் யாரையும் எதற்கும் கிளப்பிவிடவில்லை, தானே கணக்குப் போடுகிறாள்.

'தி ஹோம்ஸ்மன்' (2014) இதே ரகம். நெப்ராஸ்காவில் புத்தி பேதலித்துப்போன மூன்று பெண்களைக் கிழக்கே கொண்டுசேர்க்கப் புறப்படுகிறாள் ஹிலாரி ஸ்வாங்க். முக்கால்வாசி அபாரம், அப்புறம் கதையை டாமி லீ ஜோன்ஸ் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விடுகிறாள், படமும் தளர்ந்துவிடுகிறது. ஜேன் கேம்பியனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'தி பவர் ஆஃப் த டாக்' (2021) படத்தில் ரோஸ் தடுமாறித் தடுமாறி பியானோ பழக, மாடியிலிருந்து கணவனின் அண்ணன் அதே மெட்டைப் பாஞ்சோவில் பிசிறில்லாமல் வாசித்துக் காட்டுவான். ஒரு கை ஓங்கவில்லை, ஒரு வசை இல்லை, அவள் நொறுங்கிவிடுகிறாள். வேடிக்கை என்னவென்றால், ரோஸ் அந்தக் கதையில் ஓர் ஆணைச் செயல்பட வைக்கிறவள்தான். பெட்டிக்கர் இருந்தால் 'நான் சொல்லவில்லையா' என்றிருப்பார்.

இந்த முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களுக்கு. பூர்வகுடிப் பெண்ணை வைத்துக் கதை செய்தவர்கள் அவளைச் சாகடித்தார்கள், அல்லது சிரிப்புக்கு வைத்தார்கள். 'தி சர்ச்சர்ஸ்' இரண்டையும் செய்தது: விற்கப்பட்டு 'மனைவி'யாக வந்த பெண்ணை மலைச்சரிவில் உதைத்து உருட்டிவிட்டுச் சிரிக்கவைத்து, பிறகு குதிரைப்படை அழித்த கிராமத்தில் அவள் பிணத்தைக் காட்டியது. (லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்தவர்களுக்கும் இது புதிதில்லை. அவருடைய நவஹோ மனைவி லிலித் மகனைப் பெற்றுக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே இறந்துபோனவள்.) 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' (1990) லக்கோட்டா மொழியிலேயே பேசியது, ஆனால் காதலிக்க நாயகனுக்கு அவர்களிடையே வளர்ந்த ஒரு வெள்ளைப் பெண் கிடைத்துவிட்டாள். 2023-இல் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' வந்தபோது லில்லி கிளாட்ஸ்டன், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஆனார். முதலில் எஃப்பிஐ அதிகாரியை நாயகனாக வைத்து எழுதிய கதை அது, பிறகு கணவன் மனைவி பக்கம் திரும்பியது. அப்போதும், இது கிளாட்ஸ்டன் நடித்த மனைவி மோலியின் பார்வையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று படத்தின் ஒஸேஜ் (மோலியின் பூர்வகுடி இனம்) மொழி ஆலோசகரே வெளிப்படையாகச் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். கிளாட்ஸ்டனின் முகம் திரையில் இருக்கும்போதெல்லாம், மூன்றரை மணி நேரத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்றே தோன்றியது.

எங்கே ஆரம்பிப்பது? வரிசையாகப் பார்க்க வேண்டாம், ஜோடியாகப் பாருங்கள். முதலில் 'ஸ்டேஜ்கோச்', அடுத்த நாளே 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்'. அப்புறம் 'ட்ரூ கிரிட்' இரண்டையும், 2010 படத்தை முதலில். 'ஜானி கிட்டார்' பார்க்கும்போது கூட நான்கு நண்பர்கள் இருந்தால் நல்லது, தனியாகப் பார்த்தால் அந்த மிகை கொஞ்சம் இடிக்கும். 'மீக்ஸ் கட்ஆஃப்' மட்டும் தனியாக, செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. முதல் கால்மணி நேரத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள், தண்ணீர் பிடிக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், வேறு ஒன்றும் நடக்காது. அதை ஓட்டிவிட்டுப் பார்த்தால் படம் போச்சு.